கடையை மூடச் சொல்வதா, காலை பஸ் கேட்பதா: கிராம சபைக்கு முன்னால் ஒரு கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் மந்தையில் மகளிர் குழுக்களெல்லாம் ஒன்றாக உட்கார்ந்தோம். வரப்போகிற கிராம சபையில் பெண்கள் சார்பாக எந்தக் கோரிக்கையை முதலில் வைப்பது என்பதுதான் பேச்சு. இருட்டிப்போய் டியூப் லைட்டைச் சுற்றி பூச்சி மொய்க்கிற நேரம் வரைக்கும் முடிவு வரவில்லை. பாதிப் பேர் டாஸ்மாக் கடையை மூடணும் என்றார்கள். வயசானவர்கள் காலையில் ஒரு பஸ் வேணும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற அக்கா, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்தச் சாப்பாட்டைக் கேட்கணும் என்று ஒரே பிடியாக நின்றார். இன்னும் இரண்டு பேர் காப்பீட்டு அட்டைக்கு ஊரிலேயே முகாம் போடச் சொல்லணும் என்றார்கள். நான் எங்கள் குழுவுக்கு ஊக்குநர், எழுதுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அதனால் வீட்டுக்கு வந்து நாலையும் எதிரெதிரே வைத்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் இதே சண்டை நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் மேலூரைத் தாண்டி, கொட்டாம்பட்டி போகிற பக்கம், நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெரியாறு பாசனத் தண்ணீர் வந்தால் ஒரு போகம் நெல், இல்லையென்றால் நூறு நாள் வேலை, அதுவும் இல்லையென்றால் மதுரைக்குக் கட்டட வேலை.

"நாலையும் எழுதிப் போட்டுவிடுவோமே" என்று நானும் முதலில் சொன்னேன். ஊராட்சி செயலர்தான் தடுத்தார். "பத்துத் தீர்மானம் போட்டா பத்தும் ஃபைல்ல தூங்கும்மா. ஒண்ணு போட்டுட்டு அது பின்னாடியே அலைங்க" என்றார். எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் கையில் நிர்வாகம் போனதிலிருந்து கேட்டு வாங்குவதற்கு அலைச்சல் கூடியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் அரிட்டாபட்டியைப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும் 2024 நவம்பரில் சுற்றியிருந்த ஊராட்சிகள் கிராம சபையில் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது, ஜனவரியில் மேலூரிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் திரண்டு போனார்கள், 2025 ஜனவரி 23-இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒரே விஷயம், ஒரே பிடி. அதனால்தான் எதை முதலில் பிடிப்பது என்று இவ்வளவு யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒரு தங்கச்சி "உடம்புக்கு ஆகுற விஷயத்தக் கேட்போம்னு சொல்லிட்டு பஸ்ஸு கேக்குறீங்களே" என்றாள். என் கணக்கில் நாலுமே உடம்பு விஷயம்தான். ஆஸ்பத்திரிக்குள்ளே நடப்பது மட்டும் மருத்துவம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் சர்க்கரை யாருக்கு வருகிறது, வந்தவர் காலோடு இருக்கிறாரா காலை இழக்கிறாரா என்பதில் பாதிக்கு மேல் அரசாணையிலும் பட்ஜெட்டிலும்தான் முடிவாகிறது என்பது பத்து வருஷம் குழு நடத்தியதில் எனக்குப் புரிந்திருக்கிறது.

கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது என் வீட்டுக் கதையும்கூட.

2016 டிசம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது, 2017 மார்ச்சில் அதைச் சின்ன ஊர்களுக்கு மட்டும் 220 மீட்டராகக் குறைத்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ரோட்டில் சாவதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், நல்ல நோக்கம். 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகள் ஆயிரக்கணக்கில் மூடின. மூடிய கடைகள் எங்கே போயின? ஊருக்குள்ளே வந்தன. எங்கள் பக்கம் நான்குவழிச் சாலையில் இருந்த கடை, எங்கள் ஊர் எல்லையில் ஒரு தகரக் கொட்டகைக்கு வந்தது. அந்த வருஷம் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்தார்கள், நாங்களும் உட்கார்ந்தோம். சித்திரை வெயிலில் பதினொரு நாள். கடைசியில் கடையைத் தூக்கினார்கள், நாங்கள் வெடி போட்டோம்.

தூக்கிய கடை நாலு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த ஊர்க் கண்மாய்க் கரைக்குப் போனது. அதுவரைக்கும் நடந்து போய் நடந்து வந்தவர்கள் வண்டியில் போக ஆரம்பித்தார்கள். என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன், 2022 ஆடியில் அந்தக் கடையிலிருந்து திரும்பும்போது ஓடைப் பாலத்தில் கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தார். விடிந்துதான் பார்த்தார்கள். அந்தப் பதினொரு நாளும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோஷம் போட்டது அவர் பெண்டாட்டி, என் மதினி.

இதைச் சொன்னால் "அப்போ கடை ஊருக்குள்ளேயே இருந்திருக்கலாமா" என்று கேட்பார்கள். இல்லை. கடை போனதால் நடந்த நல்லதும் என் கண் முன்னால்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் நிம்மதியாக நடக்கிறார்கள். பதினேழு பதினெட்டு வயசுப் பையன்கள் சும்மா எட்டிப் பார்த்துப் பழகுவது குறைந்தது, வண்டி இல்லாதவனுக்கு நாலு கிலோமீட்டர் தூரம்தான். ஊரடங்கு நேரத்தில், 2020 மார்ச் கடைசியிலிருந்து மே வரைக்கும் கடையே இல்லாமல் இருந்தபோது, கை நடுங்கிக்கொண்டு நாலு நாள் படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து ஆடு மேய்க்கப் போனவர்களையும் பார்த்தேன். அப்போது கூலியும் இல்லை என்பதால் வீட்டுக்குக் காசு மிஞ்சியதா என்று கணக்குப் பார்க்க முடியாது, ஆனால் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும், ஒரு இடத்தில் மூடினால் இன்னொரு இடத்தில் திறக்கிற சட்டத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? முழுசாக மூடிப் பார்த்த காலமும் நம் மாநிலத்துக்கு இருந்திருக்கிறது. ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், பிறகு மாகாணம் முழுக்க வந்தது, 1971-இல் தளர்த்தினார்கள், சில வருஷத்தில் திரும்பப் போட்டார்கள், 1981-இல் மறுபடியும் எடுத்தார்கள். சாராயம் காய்ச்சுவது எந்தக் காலத்திலும் நிற்கவில்லை. கடை திறந்திருக்கிற இந்தக் காலத்திலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60 பேருக்கு மேல் செத்தார்கள். கூலிக்காரனுக்கு டாஸ்மாக் விலை எட்டாதபோது அவன் கை எங்கே போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் விலை. உலகம் முழுக்கச் சுகாதாரத் துறையில் இருப்பவர்கள் மதுவுக்கு வரியை ஏற்றினால் குடி குறையும் என்கிறார்கள், புதிதாகக் குடிக்க வரும் பையன்கள் விஷயத்தில் அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 2024 பிப்ரவரியில் குவாட்டருக்கு 10 ரூபாய் ஏறியபோது எங்கள் தெருவில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாரும் குறைக்கவில்லை. குறைந்தது வீட்டுக்கு வருகிற காசு. அந்தப் பத்து ரூபாய் முட்டைக்கு வைத்திருந்தது.

அரசாங்கத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு மாநிலம் தன் இஷ்டத்துக்கு வரி போடக்கூடிய பெரிய சரக்கு என்றால் பெட்ரோல் டீசலும் மதுவும்தான், மற்றதெல்லாம் கவுன்சில் கையில். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் வந்த வருமானம் 48,344 கோடி. இந்தக் காசை விட்டுவிடு என்று ஒரு ஊராட்சி எழுதினால் அடுத்த ஊருக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான். 2015-இல் மதுவிலக்கு கேட்டுப் போராடிய சசிபெருமாள் ஐயா செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரையே விட்டார், அதன்பிறகு 2016, 2017, 2023 என்று மூன்று தடவை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளைக் குறைத்தார்கள். கடை குறைந்தது, வருமானம் குறையவில்லை.

சட்டப்படி எங்களுக்குப் பிடி இருக்கிறதா என்றும் பார்த்தேன். விதி என்ன சொல்கிறது என்றால், மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளிக்கூடம், கோவிலிலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது, மற்ற இடங்களில் 100 மீட்டர். கண்மாய்க் கரைக் கடைக்கு நூறு மீட்டருக்குள் கருவேல முள்ளைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே பிடி இல்லை. எங்கள் ஊருக்குள் உண்மையான தொந்தரவு சந்துக்கடை. டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும், இவர்கள் காலை ஆறு மணிக்கே பாட்டிலுக்கு ஐம்பது அறுபது கூட வைத்து விற்கிறார்கள். அதை நிறுத்தப் புதிய தீர்மானம் எதுவும் வேண்டாம், இருக்கிற சட்டமே போதும், மதுவிலக்குப் போலீசுக்குத் தனியாக ஒரு மனு எழுதி இருபது கையெழுத்து வாங்கலாம். அதை இந்த வாரமே செய்கிறோம்.

சட்டம் போட்டு எதையும் மாற்ற முடியாது என்று நான் சொல்லவில்லை. நான் சின்னப்பிள்ளையாக மதுரைக்குப் போகும்போது பஸ்ஸுக்குள்ளேயே பீடி பிடிப்பார்கள், ஒத்தக்கடை வருவதற்குள் எனக்கு வாந்தி வந்துவிடும். 2008 அக்டோபர் 2-இலிருந்து பொது இடத்தில் புகைபிடிக்கத் தடையை இறுக்கினார்கள், இப்போது யாராவது பஸ்ஸில் பற்றவைத்தால் பயணிகளே இறக்கிவிடுவார்கள். மெட்ராஸ் மாகாணம் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டது, இந்தியாவிலேயே முதல். குடிதண்ணீர் கொடுப்பதும் சாக்கடையைப் பார்ப்பதும் உள்ளாட்சியின் கடமை என்று அப்போதே எழுதிவைத்ததால்தான் ஓவர்ஹெட் டேங்கில் குளோரின் போடவில்லை என்று இன்றைக்கு நான் உரிமையோடு சண்டை போட முடிகிறது. அரசாங்கம் இதைச் செய்தே ஆகணும் என்று கட்டுகிற சட்டம் எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது. நீ இதைச் செய்யாதே என்று ஒரு மனுஷனைக் கட்டுகிற சட்டம் அவனுக்கு வேறு வழி இருக்கிறவரைக்கும் ஒழுகத்தான் செய்யும்.

காப்பீட்டு முகாமைச் சீக்கிரமாக முடித்துவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை, எங்கள் ஊரிலேயே மூன்று பேர் இதய அடைப்புக்கு அதில் வைத்தியம் பார்த்துவிட்டு நடமாடுகிறார்கள். ஆனால் அது நோய் முற்றி படுக்கையில் சேர்த்த பிறகு வேலை செய்கிற காசு. மாசாமாசம் சோதனைக்குப் போகிற பஸ் செலவுக்கோ, துணைக்குப் போகிற மகளின் ஒருநாள் கூலிக்கோ அதில் வழி இல்லை. அட்டை எடுக்க வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்கு ஒருநாள் போனால் போதும், ஒரு வேன் பிடித்து இருபது பேரைக் கூட்டிப்போக நானே தயார். இதற்காக ஒரு தீர்மானத்தைச் செலவழிக்க வேண்டாம்.

காலைச் சாப்பாடுதான் என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது.

எங்கள் ஊரில் இருப்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. காலை உணவு ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும்தான். திங்கட்கிழமை காலையில் கூட்டத்துக்குக் கையெழுத்து வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். வராண்டாவில் சின்னப்பிள்ளைகள் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரவா உப்புமாவும் சாம்பாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பக்கத்தில் அவன் அக்கா குத்தவைத்து உட்கார்ந்து, அவன் தட்டில் ஓரத்தில் ஒதுக்கிவைத்த பீன்ஸையும் கேரட்டையும் பிசைந்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் ஆறாம் வகுப்பு. "நீ என்னடி சாப்பிட்ட" என்றேன். "டீயும் ரெண்டு வருக்கியும் அத்தை" என்றாள். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்னாடியே செங்கல் சூளைக்குப் போகிறவர்கள். போன வருஷம் இதே வராண்டாவில் அவளும் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தம்பி வாயைத் துடைத்துவிட்டு, தட்டைக் கழுவிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனது. சமைக்கிற அக்கா என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை, கரண்டியை மட்டும் அண்டாவில் வைத்தார்.

பதினொன்று பன்னிரண்டு வயசு என்பது பெண்பிள்ளை வயசுக்கு வருகிற நேரம், ரத்தம் ஊற வேண்டிய நேரம். தமிழ்நாட்டில் பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அது 99.6 சதவீதம். அதே கணக்கெடுப்பில் 15-லிருந்து 49 வயசுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கட்டில் கிடைத்துவிட்டது, ரத்தம் கிடைக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு 18,000 ரூபாய் வரைக்கும், பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கொடுக்கிறோம், நல்லது, ஆனால் ரத்தக் குறைவு அவளுக்குப் பதினோரு வயசிலேயே தொடங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிந்துவிடும்.

காசு இல்லை என்று சொல்லவும் முடியாது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. அப்போது 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-இல் மாநிலம் முழுக்க விரித்தபோது 31,008 பள்ளிகள், சுமார் 15.75 லட்சம் பிள்ளைகள், ஒதுக்கீடு 404 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 2,500 சொச்சம். மேலே சொன்ன டாஸ்மாக் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. சத்துணவு வளர்ந்த கதையும் நம் பக்கம்தான் இருக்கிறது. எம்ஜிஆர் 1982 ஜூலையில் தொடங்கியபோது கிராமத்துச் சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும்தான், செப்டம்பரில் நகரத்துக்கு வந்தது, 1984-இல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். முட்டை 1989-இல் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று வந்து, இப்போது வாரம் ஐந்து. கேட்டுக் கேட்டுத்தான் நீண்டிருக்கிறது, இதுவும் நீளும்.

அப்படியானால் இதையே முதலில் வைக்கலாமே? இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். தயக்கம் ஒன்றே ஒன்றுதான். இது சென்னையில் அரசாணையாக வர வேண்டியது. கலெக்டர் நினைத்தாலும் எங்கள் பள்ளிக்கு மட்டும் ஆறாம் வகுப்பைச் சேர்க்க முடியாது. நூறு ஊராட்சி சேர்ந்து கேட்க வேண்டிய விஷயத்தை ஒரு ஊராட்சி தனியாகக் கேட்டால் பதிவேட்டில் இருக்கும், தட்டில் விழ நாளாகும்.

இனி பஸ்.

எங்கள் ஊருக்கு முன்னாடி ஒரு ஹால்ட் பஸ் இருந்தது. ராத்திரி ஒன்பதரைக்கு வந்து மந்தையில் நிற்கும், டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத் திண்ணையில் படுப்பார்கள், காலை ஆறு மணிக்கு முதல் டிரிப்பாகக் கிளம்பும். ஏழு மணிக்கு முன்னால் மேலூர், அங்கிருந்து மாறினால் எட்டேகாலுக்கெல்லாம் மாட்டுத்தாவணி. 2020 ஊரடங்கில் நின்றது, திரும்ப வரவே இல்லை. இப்போது முதல் பஸ் ஒன்பது நாற்பதுக்கு. அதில் ஏறினால் மதுரை பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போது பன்னிரண்டு ஆகிவிடும், ஓ.பி. சீட்டுக் கொடுக்கிற நேரம் முடிந்திருக்கும். சீக்கிரம் போகணும் என்றால் ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேர வேண்டும், மேலூர் வரைக்குமே ஆளுக்கு நாற்பது ரூபாய், துணைக்கு வருபவருக்கும் சேர்த்துப் போக வர நூற்றறுபது. நூறு நாள் வேலைக் கூலியில் கிட்டத்தட்டப் பாதி மேலூர் போய் வருவதிலேயே போய்விடும்.

2021 மே 8-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. இதைப் போல ஏழைப் பெண்ணுக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்த திட்டம் சமீபத்தில் வேறு இல்லை என்பேன். மாநிலத் திட்டக் குழு பார்த்த கணக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம். மேலூர் பக்கத்து ஊர்களில் பெண்கள் தைரியமாக மதுரைக்கு வேலைக்குப் போவதும், ஒரு தலைவலிக்கு மெடிக்கலில் சும்மா மாத்திரை வாங்கிப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுவதும் அதற்குப் பிறகுதான் கூடியது. ஆனால் ரோஸ் கலர் பஸ் வந்தால்தானே இலவசம். மினி பஸ் வந்தாலும் அது தனியார் வண்டி, அதில் பெண்களுக்கு டிக்கெட் உண்டு.

எங்கள் அப்பத்தாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும். மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து மாத்திரை மாசாமாசம் வீட்டுக்கே வந்துவிடுகிறது, கொண்டுவருவது எங்கள் குழுவில் இருந்து போன பெண்தான். 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில் ரத்தக்கொதிப்பு இருப்பவர்களில் நூற்றில் ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது என்று வந்தபிறகுதான் வீட்டுக்கே போவோம் என்று இறங்கினார்கள், அது அருமையான வேலை. ஆனால் மாத்திரைதான் வீட்டுக்கு வரும். கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாய் பார்க்கிற சோதனை வராது. போன ஐப்பசியில் அப்பத்தாவுக்குக் கட்டை விரலில் செருப்பு வார் வெட்டி ஒரு சின்னப் புண். நாலு தடவை கட்டுப் போட வரச் சொன்னார்கள், முதல் தடவை ஆட்டோவில் கூட்டிப்போனேன், இரண்டாவது தடவை ஒன்பது நாற்பதில் போய் நேரம் முடிந்து திரும்பினோம். மூன்றாவது தடவைக்கு அப்பத்தா வரமாட்டேன் என்றுவிட்டது. "உனக்கு ரெண்டு நாக் கூலி போகுதுடி, மஞ்சளக் கொழச்சு வச்சாச் சரியாப் போகும்" என்றது. மூன்று வாரத்தில் விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள், பாதம் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைசி வரைக்கும் வாயே திறக்காமல் இருந்தது மதினிதான். புருஷனை இழந்தவர், கடையை மூடச் சொல்லித்தான் கை தூக்குவார் என்று எல்லோரும் நினைத்தோம். எழுந்து சொன்னது இதுதான்: "மேலூர்ல இருந்தாலும் கண்மாய்க் கரைல இருந்தாலும் அவுக போயிருப்பாக. குடிய நிப்பாட்டப் பெரியாஸ்பத்திரில வாரம் வாரம் வரச் சொன்னாக. ரெண்டு வாரம் போனோம். மூணாவது வாரம் ஆட்டோவுக்குக் காசில்ல." அதற்குமேல் யாரும் பேசவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது.

அதனால் என் பரிந்துரை இது. முதல் தீர்மானம் ஹால்ட் பஸ். இரண்டாவது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் காலை உணவு, அதை எங்கள் ஊராட்சி மட்டும் போடாமல் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தெரிந்த குழுக்களையெல்லாம் கூப்பிட்டு ஒரே வாசகத்தில் போடச் சொல்ல வேண்டும். கடை விஷயத்தில் சந்துக்கடைக்குப் போலீஸ் மனு மட்டும், தீர்மானம் இப்போது வேண்டாம். பஸ்ஸை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம், அது ஜெயிக்கக்கூடியது. புதிய சட்டம் வேண்டாம், புதிய திட்டம் வேண்டாம், ஏற்கெனவே ஓடிய வழித்தடம், ஒரு வண்டி, இரண்டு பேருக்கு ராத்திரித் தங்கல். டெப்போவும் கலெக்டரும் நினைத்தால் ஒரு மாசத்தில் ஓடும். காலையில் அந்த பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மட்டுமல்ல, வேலைக்குப் போகிற பெண்ணும் காலேஜ் பிள்ளையும் ஏறும். வேலைக்குப் போகிற பெண் கையில் காசு வந்தால் அது முட்டையாகவும் பருப்பாகவும் வீட்டுக்கு வருவதை உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயிலேயே பார்த்துவிட்டோம்.

உங்கள் ஊரில் நிலைமை வேறாக இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்கோ கோவிலுக்கோ நூறு மீட்டருக்குள் கடை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டேப்பை எடுத்து அளந்து, போட்டோ பிடித்து, அதையே முதலில் போடுங்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு முன்னால் இரண்டு டவுன் பஸ் வருகிற ஊராக இருந்தால் சாப்பாட்டை முதலில் வையுங்கள். மலையடிவாரத்து ஊர்கள், அழகர்கோவில் பக்கம், பாலமேடு பக்கம் இருப்பவர்களுக்கு என் கணக்குதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

தீர்மானத்தில் வெறுமனே "பஸ் வசதி வேண்டும்" என்று எழுதப் போவதில்லை. செயலர் சொன்ன மாதிரி எண்ணிக்கையோடு எழுத வேண்டும்: காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரைக்கும் ஆட்டோவுக்கு நிற்பவர் எத்தனை பேர், அதில் ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர், ஆள் சேராமல் திரும்பி வீட்டுக்குப் போனவர் எத்தனை பேர் என்று. நாளையிலிருந்து பதினாலு நாள் எண்ணுவதாக முடிவு. எழுதுவது நான், ஆளைக் கேட்பது மதினி. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கட்டம் போட்டு வைத்துவிட்டேன்.